பழைய ஃபைபர் படகு வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

நாகப்பட்டினம், மயிலாடுதுறை, காரைக்கால் கரைகளில் பிறர் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒருவர் சொந்தமாகத் தொழில் செய்ய நினைத்தால், அவர் முதலில் வாங்குவது பெரும்பாலும் பழைய ஃபைபர் படகாகத்தான் இருக்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கட்டுமரங்களையும் வள்ளங்களையும் இழந்த ஊர்களுக்கு அரசும் தொண்டு நிறுவனங்களும் ஃபைபர் படகுகளை ஏராளமாக வழங்கின. அப்போது அவசர அவசரமாகக் கட்டப்பட்டவற்றில் இன்றுவரை உறுதியாக நிற்பவையும் உண்டு. கண்ணாடி இழைப் பாயும், அதை இறுக்கிப் பிடிக்கும் பிசினான ரெசினும் குறைத்துப் போடப்பட்டு, அலையில் அடி நெளிபவையும் உண்டு. அவற்றில் சில இன்னும் புதிய பெயரோடும் புதிய வண்ணத்தோடும் கைமாறுகின்றன. ஆகவே விலை பேசுமுன் ஒன்றை மனத்தில் நிறுத்துங்கள். எல்லோரும் இன்ஜினைச் சுற்றி நின்று பேசுகிறார்கள். உங்கள் நேரத்தில் பெரும்பகுதியைப் படகின் அடிக்கும், இன்ஜின் மாட்டும் பின்பலகைக்கும் கொடுங்கள். இன்ஜின் கெட்டால் வேறு ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். உள்ளே நீர் ஊறிய உடலுக்கு மாற்று கிடையாது.

பார்க்கப் போகும் காலமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், அந்த 61 நாட்களில் ஃபைபர் படகுக்காரர்களின் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். நல்ல படகை அப்போது விற்க யாரும் முன்வர மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்து படகுகள் மணல் மேட்டில் ஏறிக் கிடக்கும் நாட்களே உடலைச் சுற்றிவந்து பார்க்க ஏற்றவை. கடலோட்டத்தைப் பின்னால் வானம் தெளிந்ததும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடக் கூடாது.

படகு தரையில் கிடக்கும்போது நான்கைந்து பேரைக் கொண்டு ஒரு பக்கமாகச் சாய்த்து, அடியின் நடுவே முதுகெலும்புபோல் ஏரா ஓடும் வரியை, முன்முனையான அணியத்திலிருந்து பின்பக்கம் வரை கையால் தடவிக்கொண்டே போங்கள். ஆறுகாட்டுத்துறை, புஷ்பவனம், செருதூர் போன்ற திறந்த மணற்கரைகளில் ஓடிய படகுகளின் அடி, ஒவ்வொரு முறை கரையேற்றும்போதும் மணலில் தேய்கிறது. மேல்பூச்சான ஜெல்கோட் போய், கண்ணாடி இழையின் நார் வெளியே தெரிந்தால், அவ்வழியே நீர் உள்ளே இறங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். டிராக்டரில் கயிறு கட்டி இழுக்கும் கரைகளாயின், அணியத்தில் கயிறு மாட்டும் துளையைச் சுற்றி நட்சத்திரம்போல் விரியும் விரிசல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் தெரியும் விரிசல், எப்போதோ எதிலோ மோதிய தழும்பாக இருக்கலாம். உள்ளே விலாச் சட்டங்கள் அமைந்திருக்கும் இடத்துக்கு நேராக, வெளியே கோடு கோடாக வரிசையாக ஓடும் விரிசல்களோ, அந்தப் படகின் அடி ஒவ்வோர் அலையிலும் வளைந்து கொடுக்கிறது என்பதைக் காட்டுபவை. அத்தகைய படகை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

அடுத்து, ஒரு கத்தியின் மரப்பிடியால் உடல் முழுவதையும் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். உறுதியான இடத்தில் ஓசை கணீரென்று கேட்கும். அடுக்குகள் பிரிந்த இடத்திலோ நீர் கோத்த இடத்திலோ அது சட்டென்று மங்கி, மண்சுவரைத் தட்டியது போல் அடங்கிவிடும். மங்கிய இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டே போனால், முடிவில் அந்த வட்டங்களே உங்களுக்காக விலை பேசும். புதிதாக வண்ணம் அடித்த படகில் இதை இரு மடங்கு பொறுமையோடு செய்யுங்கள், ஏனெனில் விற்பதற்குச் சற்று முன்பு அடிக்கப்பட்ட வண்ணத்தின் கீழ் எம்-சீல் வைத்துப் பூசிய ஒட்டுகள் மறைந்திருக்கக்கூடும். ஓட்டை அடைக்கும் பசையான எம்-சீல், எபாக்சி வகையைச் சேர்ந்தது. அதன்மேல் பிறகு ஃபைபர் படகுக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றினால் சரியாகப் பிடிக்காது. எனவே அந்த இடங்களை முழுவதுமாகத் தேய்த்தெடுத்த பிறகே உண்மையான பழுதுபார்ப்பைத் தொடங்க முடியும். அதற்கான செலவு வாங்குபவர் தலையில்தான் விழும்.

நீர்மட்டத்துக்குக் கீழே சிறு கொப்புளங்கள் தென்பட்டால், ஒன்றைக் குத்தூசியால் உடைத்துப் பாருங்கள். வெளிவரும் நீர் பிசுபிசுப்பாக இருந்து காடியின் புளித்த நெடி அடித்தால், நீர் ரெசினுக்குள் புகுந்து அதைச் சிதைத்துவருகிறது என்று அறியலாம். இது டெல்டாவுக்கே உரிய கவலையும்கூட. உப்பு குறைந்த வெதுவெதுப்பான நீரில் இந்த ஊறல் விரைவாக நடக்கும். கடுவையாறு, அரசலாறு, கொள்ளிடம் ஆகியவற்றின் முகத்துவாரங்களில் வெள்ளக்காலம் முழுவதும் ஆற்றுநீரில் கட்டிக்கிடக்கும் படகு, மணலில் ஏற்றி வைக்கப்படும் படகைவிட முன்னதாகவே கொப்புளிக்கும். ஆகையால் படகு எந்தக் கரையில் எப்படி நிறுத்தப்பட்டிருந்தது என்பதை விற்பவரிடம் மட்டுமல்லாமல், அருகில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடமும் கேளுங்கள்.

பின்பலகைதான் இன்ஜினின் முழுச் சுமையையும் தாங்குவது. பெரும்பாலான படகுகளில் இது கண்ணாடி இழைக்குள் பிளைவுட் வைத்து மூடியதாகவே இருக்கும். போல்ட் துளைகளின் ஓரத்தில் பூசிய சீலன்ட் காய்ந்து உதிர்ந்ததும், அந்த வழியாக நீர் பிளைவுட்டை அடைகிறது. பிறகு வெளியே எந்த அடையாளமும் தெரியாமல் உள்ளே மரம் மக்கிப்போகிறது. பின்பலகையில் வெளிப்புறமாகத் தொங்கும் வெளி மோட்டார் மாட்டியிருந்தால் அதன் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து, பலகையும் உடலும் சேரும் மூலையில் மற்றொருவரை விரல் வைக்கச் சொல்லுங்கள். அங்கே அசைவு தெரிந்தால் பலகை போய்விட்டது. சந்தேகம் நீடித்தால், விற்பவரின் சம்மதத்தோடு, உட்புறத்தில் தாழ்வான ஓரிடத்தில் மெல்லிய துளை போட்டுப் பாருங்கள். துளைப்பானில் வெளிவரும் தூள் வெளிர் நிறமாகவும் உலர்ந்தும் இருந்தால் நல்லது. கறுப்பாகச் சேறுபோல் வந்தால் பின்பலகை முழுவதையும் மாற்ற வேண்டும். துளையை உடனே ரெசினால் அடைத்துவிடுங்கள். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் விலையைக் குறைத்துக் கேட்பதில் தவறில்லை.

மிதவைக்காக அணியத்திலும் பின்பக்கத்திலும் அடைத்திருக்கும் நுரைப்பொருளையும் மறவாதீர்கள். அது நீரை உறிஞ்சியிருந்தால் படகு எடை கூடி, சரக்கு ஏற்றுமுன்பே தாழ்ந்து மிதக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கத்துப் படகுகளைத் தூக்கியெறிந்த பிறகு பழுதுபார்க்கப்பட்டவையும் சந்தையில் உள்ளன; அவற்றில் மேல்விளிம்பு உடலோடு சேரும் பொருத்தை நீளவாக்கில் முழுவதும் பாருங்கள்.

இன்ஜினுக்கு வருவோம். நீங்கள் போய்ச் சேருமுன்பே அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், ஆறும்வரை காத்திருங்கள். குளிர்ந்த நிலையில் எத்தனை இழுப்பில் கிளம்புகிறது என்பதுதான் அதன் உண்மையான நிலை. மண்ணெண்ணெய் வெளி மோட்டாராயின், பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும்போது திணறாமல் ஓட வேண்டும். குளிர்விக்கும் நீர் சிறு துளையிலிருந்து இடைவிடாமல் பீய்ச்ச வேண்டும். புரொப்பல்லர் இருக்கும் கீழ்ப்பெட்டியின் கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பாருங்கள். அது பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் சீல் வழியாக நீர் புகுந்துவிட்டது. நம் கரையில் இதற்குப் பெரும்பாலும் காரணமாவது நரம்பு வலைதான். அறுந்த நைலான் இழை புரொப்பல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டு சீலை அறுத்துவிடுகிறது. நீண்ட தண்டின் நுனியில் புரொப்பல்லர் சுழலும் டீசல் லாங் டெயில் இன்ஜினாக இருந்தால், புகையின் நிறத்தைக் கவனியுங்கள். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். சுமை ஏறியதும் தொடர்ந்து கரும்புகை வந்தால் டீசல் முழுமையாக எரியவில்லை. தண்டின் நுனியைப் பிடித்து ஆட்டினால் தண்டைத் தாங்கும் புஷ்ஷின் தேய்மானம் கையிலேயே தெரியும்.

கடலோட்டத்துக்கு வெறும் படகை எடுத்துச் செல்லாதீர்கள். தொழிலுக்குப் போகும் ஆட்களையும், வலைக்கும் ஐஸுக்கும் ஈடான எடையையும் ஏற்றி, முகத்துவாரத்தைத் தாண்டி முழு வேகத்தில் ஓட்டி, இரு பக்கமும் கூர்மையாகத் திருப்பிப் பாருங்கள். திரும்பி வந்ததும் உள்ளே தேங்கிய நீரை அளவிடுங்கள்; கிளம்பும்போது துடைத்து உலர்த்திய அடியில் எங்கிருந்து நீர் வந்தது என்று தெரியாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

காகிதங்களில் அலட்சியம் காட்டினால், நல்ல படகுகூடக் கரையிலேயே நின்றுவிடும். பதிவுச் சான்றிதழில் உள்ள பெயர், படகின் நீளம், இன்ஜின் எண் ஆகியவை நேரில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். பெயர் மாற்றத்தை மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் முறையாகச் செய்துகொள்ள வேண்டும். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது என்பதால், அங்கே பதிவான படகின் எண்ணில் தமிழ்நாட்டுக் குறியீடு இருக்காது. பக்கத்து ஊர்தானே என்று நினைத்து வாங்கினால், அங்கிருந்து தடையின்மைச் சான்று பெற்று இங்கே புதிதாகப் பதிய வேண்டியிருக்கும். வரிவிலக்கு டீசலும் மானியங்களும் பதிவைப் பொறுத்தவை என்பதால், இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. மானியத்தில் பெற்ற படகென்றால், அதை விற்க என்னென்ன நிபந்தனைகள் உள்ளன என்று அதே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்தில் வராத கடன் ஒன்றும் உண்டு. படகின்மேல் ஏலக்காரரிடமோ மீன் வியாபாரியிடமோ முன்பணம் வாங்கியிருந்தால், பிடிக்கும் மீனை அவரிடமே கொடுக்க வேண்டும் என்ற கட்டு, படகோடு சேர்ந்து உங்களிடமும் வந்துவிடலாம். வங்கிக் கடனையும் கூட்டுறவுச் சங்கக் கடனையும் காகிதத்தில் பார்க்கலாம். இதை ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். பேச்சு முடிந்ததை இரு ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னிலையில் எழுதிக்கொள்வது நம் கரையின் வழக்கத்துக்கும் ஏற்றது, பின்னால் வழக்கு வராமலும் காக்கும்.

வாங்கிய பின் பராமரிப்பில் முதல் வேலை நன்னீர். ஒவ்வொரு முறை திரும்பியதும் வெளி மோட்டாரின் உள்வழிகளை நன்னீரில் கழுவினால் அதன் ஆயுள் கூடும். கடைமடைக் கடற்கரை ஊர்களில் ஆழ்குழாய் நீரே பல இடங்களில் உப்பாக இருப்பதால், அந்த நீரால் கழுவுவதில் பயனில்லை. குடிநீரையோ குளத்து நீரையோ ஒரு டிரம்மில் பிடித்து வைத்துப் பயன்படுத்துங்கள். அரிப்பைத் தாங்கித் தானே கரையும் அனோடு கட்டி பாதி தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள். அதன்மேல் வண்ணம் அடித்தால் அது வேலை செய்யாது. ஆறும் கடலும் கலக்கும் நீரில் துத்தநாகத்தைவிட அலுமினிய அனோடு ஏற்றது.

அடியில் புண் பட்டால் உடனே மேலொட்டு போட்டு மூடிவிட வேண்டாம். முதலில் நன்னீரில் உப்பைக் கழுவி, நிழலில் பல நாள் உலரவிடுங்கள். ஈரம் இருக்கும்போது போடும் ரெசின் ஒட்டாது. பிறகு சேதத்தின் ஆழத்தைப்போல் சுமார் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடி இழைப் பாயை அடுக்கடுக்காக வைத்து ரெசின் ஊற்றுங்கள். மார்கழிப் பனியில் இந்த வேலையைத் தொடங்காமல் மாசி, பங்குனி வெயிலுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

உயிர்காப்பு அங்கிகளை ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில் படகிலேயே வைத்திருங்கள்; கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண் படகில் போகும் எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கட்டும். படகு இருக்கும் இடத்தைக் கரைக்குத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி பொருத்தப்பட்டிருந்தால், அது இன்னமும் பழைய உரிமையாளர் பெயரில் இருக்கக்கூடும். பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் அதே நாளில் அதையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். ஆபத்து நேரத்தில் கரையிலிருந்து உங்கள் வீட்டைத் தொடர்புகொள்ள அந்தப் பதிவே உதவும்.