மின் மானியத்தைக் குடிமக்களே தணிக்கை செய்வது எப்படி?

மின்சாரத்துக்கு மானியம் வேண்டுமா, வேண்டாமா என்ற வாதத்தில் இறங்குவதற்கு முன், அந்த மானியம் எவ்வளவு, யாருக்குப் போகிறது, அதற்கான பணம் உரிய நாளில் கட்டப்பட்டதா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். தமிழ்நாட்டில் வசிக்கும் எவரும் தம் வீட்டு மின் கட்டணக் கணக்கு, மின் கட்டணத்தை நிர்ணயிக்கும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணை, பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு ஆகியவற்றைக் கொண்டு இந்த விடைகளைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதற்கான வழிமுறையைக் கீழே தருகிறேன். நான் சந்தேகிப்பது மானியம் பெறும் குடும்பங்களையோ விவசாயிகளையோ அல்ல. பணத்தை எடுத்து வைக்காமலே வாக்குறுதி தந்துவிட்டு, அந்தச் சுமையை ஒரு மின் நிறுவனத்தின் கடன் கணக்கில் எழுதிவைக்கும் அரசாங்க வழக்கத்தையே சந்தேகிக்கிறேன். எந்தக் கட்சி ஆண்டாலும் அந்த வழக்கம் மாறியதில்லை.

முதலில் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி, ஆணையம் நிர்ணயித்த கட்டணத்தைவிடக் குறைவாக யாருக்கேனும் மின்சாரம் தர மாநில அரசு விரும்பினால், அதனால் ஏற்படும் இழப்பை மின் விநியோக நிறுவனத்துக்கு முன்கூட்டியே பணமாகச் செலுத்த வேண்டும். செலுத்தாவிட்டால் அரசின் சலுகை உத்தரவு செயலுக்கு வராது. ஆணையம் நிர்ணயித்த கட்டணமே பொருந்தும். மானியம் தருவதைச் சட்டம் தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தர விரும்பும் அரசு, அதைச் சட்டமன்றத்தின் ஒப்புதலோடு, தன் கருவூலத்திலிருந்து, கண்ணுக்குத் தெரியும் வகையில் தர வேண்டும் என்று மட்டுமே அது சொல்கிறது. கட்டணத்தை நிர்ணயிக்கும் வேலை ஆணையத்துடையது. சலுகைக்குப் பணம் தரும் வேலை அரசுடையது. இந்த இரண்டும் கலந்துபோகும் இடத்தில்தான் அத்துமீறல் தொடங்குகிறது.

அந்தக் கலப்பு எப்படி இருக்கும் என்பதைக் கட்டண ஆணைகளின் தேதிகளே காட்டும். தமிழ்நாட்டில் 2003 மார்ச்சில் ஒரு கட்டண ஆணை வந்தது. அடுத்தது 2010 ஜூலையில்தான் வந்தது. அதேபோல் 2014 டிசம்பரில் உயர்ந்த வீட்டுக் கட்டணம், அதன் பிறகு 2022 செப்டம்பரில்தான் உயர்ந்தது. நிலக்கரி விலையும் சம்பளமும் வட்டியும் ஏறிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் கட்டணம் அசையாமல் நின்றதற்குச் செயல்திறன் காரணமல்ல. உயர்வு கேட்டு மனுப் போடுவதையே அரசுக்குச் சொந்தமான நிறுவனம் தள்ளிப்போட்டது. இத்தகைய தாமதம் நாடு முழுவதும் பரவியதால், 2011 நவம்பர் 11 அன்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், நிறுவனம் மனுச் செய்யாவிட்டால் ஆணையமே தானாக முன்வந்து கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும் என்று உத்தரவிட நேர்ந்தது. உங்கள் தணிக்கையின் முதல் வேலையும் இதுதான்: ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள கட்டண ஆணைகளின் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, அருகில் தேர்தல் ஆண்டுகளை எழுதிப் பாருங்கள்.

அடுத்து உங்கள் வீட்டுக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 மே 23 முதல் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாக வழங்கப்பட்டது. 2022 செப்டம்பர் ஆணைப்படி முதல் 400 யூனிட்டுக்கு ஆணையம் நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு. இதில் முதல் 100 யூனிட்டுக்கு முழு விலையையும், 500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு அடுத்த 100 யூனிட்டில் பாதி விலையையும் அரசு ஏற்றது. இந்த விலையை வைத்தே நான் கணக்கிடுகிறேன். நீங்கள் இப்போதைய ஆணையின் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஒரு தொலைக்காட்சியும் மட்டுமே உள்ள, 60 யூனிட் செலவாகும் வீட்டுக்கு இரு மாதங்களில் கிடைக்கும் மானியம் 270 ரூபாய். குளிரூட்டியும் நீர்சூடேற்றியும் உள்ள, 500 யூனிட் செலவாகும் வீட்டுக்குக் கிடைப்பது 675 ரூபாய். 1,000 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கும் 450 ரூபாய் கிடைக்கிறது. ஏழைகளின் பெயரால் அறிவிக்கப்பட்ட திட்டத்தில், ஏழை வீட்டைவிட வசதியான வீடு இரண்டரை மடங்கு பெறுகிறது என்பதை யாருடைய ஆய்வும் இல்லாமல் நீங்களே ஒரு பென்சிலால் நிறுவிவிடலாம்.

இன்னும் ஒரு படி மேலே செல்லுங்கள். ஒரே வீட்டில் 500 யூனிட் ஒரே இணைப்பில் ஓடினால், 400ஐத் தாண்டிய யூனிட்டுக்கு விலை கூடுதல் என்பதால், கட்டணம் 1,725 ரூபாய். அதே வீட்டில் மாடிக்கு ஒன்று, கீழ்த்தளத்துக்கு ஒன்று என்று இரண்டு சர்வீஸ் வாங்கி, 250 யூனிட்டாகப் பிரித்து ஓட்டினால் ஒவ்வொன்றுக்கும் 450 ரூபாய், மொத்தம் 900 ரூபாய்தான். செலவான மின்சாரம் ஒன்றே. மானியம் மட்டும் 675 ரூபாயிலிருந்து 1,350 ரூபாயாகிவிட்டது. மாடி வைத்துக் கட்ட முடிந்தவருக்கே இந்த வழி திறந்திருக்கிறது. ஒற்றை அறையில் வாடகைக்குக் குடியிருப்பவருக்கு அது கிடையாது. மின் இணைப்புடன் ஆதார் எண்ணை இணைக்கும்படி 2022 நவம்பர் முதல் 2023 பிப்ரவரி வரை கேட்டபோது எழுந்த கலக்கத்துக்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். பயனாளியை அடையாளம் காணாமலே திட்டத்தை வகுத்துவிட்டு, ஆறு ஆண்டுகள் கழித்து அனைவரையும் வரிசையில் நிறுத்தி அடையாளம் கேட்பதும் அத்துமீறலின் இன்னொரு வடிவம்தான் என்று நான் கருதுகிறேன்.

2022 ஆணையில் கவனிக்க வேண்டிய மற்றொரு விதியும் உண்டு. ஒவ்வொரு ஜூலை முதல் தேதியும் விலைவாசிக் குறியீட்டின் உயர்வு அல்லது 6 சதவீதம், இவற்றில் எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணம் உயரும். ‘வீடுகளுக்கு உயர்வு இல்லை’ என்று அறிவிக்கப்படும் ஆண்டில் உயர்வு நிகழாமல் இருப்பதில்லை. அந்தத் தொகையை மானியத்தில் சேர்த்து அரசு கட்டுகிறது, அதாவது வரி செலுத்துவோர் கட்டுகிறார்கள். ஆகவே அத்தகைய செய்தியைப் படித்தால், அந்த ஆண்டின் மானியத் தொகை எவ்வளவு கூடியது என்று தேடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

விவசாய மின்சாரம்தான் இந்தத் தணிக்கையில் மிகக் கடினமான பகுதி. மிகுந்த மரியாதையுடன் அணுக வேண்டிய பகுதியும் அதுவே. மின் கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் பெருமாநல்லூரில் கூடிய விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த போராட்டங்களின் நினைவு மேற்கு மாவட்டங்களில் இன்றும் மங்கவில்லை. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமாகிய மின்சாரம், 2003இல் நிறுத்தப்பட்டு, 2004 நாடாளுமன்றத் தேர்தல் முடிவுக்குப் பிறகு மீண்டும் வந்தது. இந்த வரலாறு தெரியாமல் கேள்வி கேட்பவரை எந்த விவசாயியும் நம்ப மாட்டார்.

இருந்தும் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். மீட்டர் இல்லாத பம்புசெட்டுக்கு எவ்வளவு மின்சாரம் போகிறது என்று யாருக்குத் தெரியும்? மீட்டர் இல்லாமல் மின்சாரம் வழங்கக் கூடாது என்று மின்சாரச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் மாநிலத்தின் ஏறத்தாழ 23 லட்சம் விவசாய இணைப்புகளில் பெரும்பாலானவற்றின் நுகர்வு, மாதிரிக்குப் பொருத்திய சில மீட்டர்களையும் மோட்டாரின் குதிரைத்திறனையும் வைத்து மதிப்பிடப்பட்டே வந்திருக்கிறது. அந்த மதிப்பீடு எவ்வளவு நெகிழக்கூடியது என்பதைப் பாருங்கள். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 3.73 யூனிட் எடுக்கும். ஆண்டுக்கு 200 நாள், நாளுக்கு 6 மணி நேரம் என்று கொண்டால் 4,476 யூனிட். 250 நாள், 8 மணி நேரம் என்று கொண்டால் 7,460 யூனிட். இரண்டு எண்ணிக்கையையும் எந்த அலுவலரும் நேர்மையாகவே நியாயப்படுத்த முடியும். கிணறு வற்றியதால் அனுமதி பெற்ற மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பெரிய மோட்டார் பொருத்தியிருந்தால் இரண்டுமே தவறு. இந்த இடைவெளிக்குள் மின் கசிவும் திருட்டும் பழைய கம்பிகளின் இழப்பும் ‘விவசாயம்’ என்ற பெயரில் எளிதாக ஒளிந்துகொள்ளலாம். விவசாயி பயன்படுத்தாத மின்சாரத்துக்கும் அவர் பெயரிலேயே பற்று எழுதப்படக்கூடும் என்பதால், மீட்டர் பொருத்துவது அவருக்குத்தான் முதல் பாதுகாப்பு. மீட்டர் வைத்தால் அடுத்த நாளே கட்டணம் வரும் என்ற அவருடைய அச்சம் நியாயமானது. ஒவ்வொரு இணைப்பிலும் கைவைக்காமல், டிரான்ஸ்பார்மரிலும் பீடரிலும் (துணை மின்நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டு செல்லும் கம்பித் தடம்) அளப்பதைக் கோருவதே இப்போதைக்குச் சரியான வழி.

யாருக்குப் போகிறது என்ற கேள்வியை இங்கும் கேளுங்கள். இலவச மின்சாரத்தின் அளவு மோட்டாரின் அளவைப் பொறுத்தது. ஆகவே அதிக நிலமும் ஆழமான ஆழ்துளைக் கிணறும் உள்ளவருக்கே அதிகம் போகிறது. இராமநாதபுரத்தில் மழையை நம்பி மானாவாரிப் பயிர் செய்பவருக்கு இதில் ஒரு யூனிட்டும் இல்லை. கோவை, திருப்பூர்ப் பக்கம் ஆயிரம் அடிக்கும் கீழே துளையிடும் நிலை வந்த பிறகு, மின்சாரத்தில் மிச்சப்பட்ட பணம் துளையிடுவதற்குச் செலவாகிறது. 1997 முதல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் தந்த பஞ்சாபிலும் நிலத்தடி நீர் இதேபோல் இறங்கியது. மேற்கு வங்கம் 2007 முதல் குழாய்க் கிணறுகளுக்கு மீட்டர் பொருத்தத் தொடங்கியது. குஜராத் 2003இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் விவசாய பீடரை ஊர் பீடரிலிருந்து பிரித்தது. 2018இல் பஞ்சாபே, மிச்சப்படுத்தும் யூனிட்டுக்கு விவசாயிக்குப் பணம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. விவசாயியின் ஆதாயத்தைப் பறிக்காமல் விரயத்தைக் குறைக்கும் இந்தக் கடைசி வழி எனக்கு மிகவும் பிடித்தது.

இவ்வளவு தெரிந்த பிறகு தகவல் உரிமை மனுவை எழுதுங்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவே, மானியத் திட்டங்கள் செயல்படும் முறை, ஒதுக்கிய தொகை, பயனாளிகள் பற்றிய விவரம் ஆகியவற்றை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று சொல்வதை மனுவின் தொடக்கத்தில் குறிப்பிடுங்கள். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் கேள்விக்கு ‘தகவல் அல்ல’ என்ற பதில்தான் வரும். என் முதல் மனு அப்படித்தான் வீணாகியது. ஆவணத்தைக் கேளுங்கள். “இன்ன பீடரில் கடந்த 12 மாதங்களில் துணை மின்நிலையத்திலிருந்து அனுப்பப்பட்ட யூனிட்டும், கட்டணம் கணக்கிடப்பட்ட யூனிட்டும் மாத வாரியாக”, “அந்த பீடரில் உள்ள விவசாய இணைப்புகளின் எண்ணிக்கை, மொத்தக் குதிரைத்திறன், மாதிரி மீட்டர்களின் எண்ணிக்கை” என்று எழுதினால் போதும். தனிநபர் பெயர்கள் உங்களுக்குத் தேவையில்லை. அவற்றைக் கேட்டால் மனு மறுக்கப்படவும் கூடும். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

பணம் கட்டப்பட்டதா என்பதை அறிய எரிசக்தித் துறையின் வரவு செலவுத் திட்ட ஆவணத்தையும் ஆணையத்தின் காலாண்டு அறிக்கையையும் ஒப்பிடுங்கள். (வரவு செலவுத் திட்டத்தில் ‘மானியக் கோரிக்கை’ என்பது சட்டமன்றத்திடம் கேட்கும் ஒதுக்கீட்டைக் குறிக்கும், கட்டணச் சலுகைக்கான மானியம் அதற்குள் ஒரு வரியாக மட்டுமே இருக்கும். புதிதாகப் படிப்பவர்கள் இங்கே குழம்புகிறார்கள்.) 2023இல் திருத்தப்பட்ட மத்திய மின்சார விதிகளின்படி, எந்தப் பிரிவுக்கு எவ்வளவு மானியம் கோரப்பட்டது, எவ்வளவு வந்தது என்ற கணக்கைக் காலாண்டு முடிந்து 30 நாளுக்குள் நிறுவனம் ஆணையத்திடம் தர வேண்டும்; அடுத்த 30 நாளுக்குள் ஆணையம் அதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட வேண்டும். அறிக்கை தாமதமாகியிருந்தால் அந்தத் தாமதத்தையே நாள் கணக்கோடு குறித்துவையுங்கள். கட்டப்படாத தொகை எங்கே போய்ச் சேரும் என்பதற்கு, மின் விநியோக நிறுவனங்களின் கடனைச் சீராக்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டமே சான்று: 2017 ஜனவரியில் அத்திட்டத்தில் சேர்ந்த தமிழ்நாடு, மின் நிறுவனத்தின் 30,420 கோடி ரூபாய்க் கடனில் 75 சதவீதத்தை, அதாவது 22,815 கோடி ரூபாயை, மாநிலத்தின் கடனாக ஏற்றுக்கொண்டது. அந்தக் கடன் அனைத்தும் மானியத்தால் வந்ததல்ல. கொள்முதல் விலையும் இழப்புகளும் அதில் உண்டு. ஆனாலும் ஆண்டுக்கு ஆண்டு வெளிப்படையாகக் கட்டியிருக்க வேண்டியது, சட்டமன்றம் விவாதிக்காமலே கடனாக வளர்ந்து, ஒருநாள் மொத்தமாக மக்கள் தலையில் இறங்கியது.

இறுதியாக, சேகரித்ததை ஆணையத்தின் முன் வையுங்கள். சட்டத்தின் 64ஆம் பிரிவின்படி, கட்டண மனு வந்தால் பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கருத்தில் கொண்ட பிறகே, 120 நாளுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய நகரங்களில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. இத்தகைய கூட்டங்களில் பேசச் சில நிமிடங்களே கிடைக்கும். கோபத்துக்கு அந்த நேரம் போதாது, ஒரு கணக்குக்குப் போதும். ஆகவே ஒரே பக்கத்தில், பத்திகளுக்கு எண் இட்டு, மனுவின் எந்தப் பக்கத்தில் உள்ள எந்த எண்ணை மறுக்கிறீர்கள் என்பதை முதலிலும், உங்கள் சொந்தக் கணக்கை இரண்டாவதாகவும், என்ன உத்தரவு கேட்கிறீர்கள் என்பதை மூன்றாவதாகவும் எழுதித் தேதிக்குள் கொடுத்து, முத்திரையிட்ட நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள். ‘மானியத்தை நிறுத்துக’ என்று கேட்பதைவிட, ‘பீடர் வாரியான விவசாய நுகர்வை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிட உத்தரவிடுக’ என்று கேளுங்கள். இரண்டாவதை மறுக்கக் காரணம் கண்டுபிடிப்பது கடினம். ஆணை வந்ததும் உங்கள் ஆட்சேபம், அதற்கு நிறுவனத்தின் பதில், ஆணையத்தின் முடிவு ஆகியவை அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் கணக்குக்குப் பதிலே தரப்படவில்லை என்றால், மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் செல்ல 45 நாள் உண்டு. அதற்கு வசதியில்லாதவர்கள் அதே பக்கத்தை, புதிய எண்களோடு, அடுத்த மனுவின்போது மறுபடியும் கொடுக்கலாம்.