மெக்கானிக் சான்றிதழுக்குப் பதியும்போது சறுக்கும் இடங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஸ்பனர் பிடிக்கிறவரிடம் யாரும் அனுமதிப்பத்திரம் கேட்பதில்லை. வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை வீதியோரக் கராஜ்களில் பெரும்பாலானோர் அப்பாவிடமோ மாமாவிடமோ ஒரு பாஸிடமோ (மூத்த மெக்கானிக்கிடமோ) நின்று தொழில் பழகியவர்கள். அப்படிப் பழகிய தொழிலை, வகுப்புக்குப் போகாமலேயே சோதித்துத் தேசிய தொழில் தகைமையாக, அதாவது என்.வி.கியூ. சான்றிதழாக எடுக்கலாம். முன்கற்றல் அங்கீகாரம் என்று இதைச் சொல்வார்கள். நைட்டா (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை), தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்றவை மதிப்பிடுகின்றன. இந்தத் தகைமை முறையை நடத்துவது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. கட்டாயம் இல்லை, விரும்பியவர் எடுக்கலாம். நல்ல கைகாரர்கள் இதில் சறுக்குவதற்குப் பெரும்பாலும் காரணம், செய்கிற வேலையை அளந்தோ எழுதியோ வாயால் சொல்லியோ காட்டிப் பழக்கம் இல்லாததுதான்.

முதல் குழப்பம் காகிதங்களில் வரும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்தாயிற்று, பிரதேச சபைக்கோ மாநகர சபைக்கோ வருடக் கட்டணமும் கட்டியாயிற்று, இனி என்ன என்று நினைப்பவர்கள் நிறைய. அந்த இரண்டும் கடைக்கு உரியவை. சேர்விஸ் ஸ்டேஷன் நடத்துபவருக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தனியாக வேண்டும், கழிவு ஓயிலும் கழுவிய தண்ணீரும் வாவிக்குப் போகக்கூடாதே. என்.வி.கியூ. ஆளுக்கு உரியது. முதலாளியின் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டால் கீழே வேலை செய்யும் நான்கு பொடியன்களும் தகைமை பெற்றவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

அடுத்தது மட்டம். மொத்தம் 7 மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். ஒருவர் மேற்பார்வை பார்க்க வேலை செய்பவருக்கு 3 பொருந்தும். வாகனத்தைத் தானே வாங்கிப் பார்த்து, குறை கண்டு, முடித்துக் கொடுப்பவருக்கு 4. கூடக் கிடைத்தால் நல்லதுதானே என்று எல்லாரும் 4 கேட்கிறார்கள். 4 கேட்டால் அந்தத் தொழிலின் தகுதி நியமத்தில், அதாவது தெரிந்திருக்க வேண்டிய வேலைகளின் ஏட்டில், உள்ள அலகுகள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் மட்டும் திருத்துபவர் கார் மெக்கானிக் தொழிலில் விண்ணப்பித்து, கியர் பெட்டி அலகில் நிற்பது இப்படித்தான். விண்ணப்பப் படிவத்துக்கு முன்னே நியமத்தின் அலகுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். செய்து பழகாத அலகுக்குப் பென்சிலால் கோடு போடுங்கள். கோடுகள் இரண்டு மூன்றைத் தாண்டினால் தொழிலையோ மட்டத்தையோ மாற்றுவதே புத்தி.

விண்ணப்பத்தோடு கொடுக்கும் சான்றுக் கோப்பில் வழமையாக இருப்பது ஒரு கடிதம்: "இவர் எம்மிடம் பல வருடம் வேலை செய்தார், நேர்மையானவர், நல்ல பழக்கமுள்ளவர்." கலியாணம் பேச உதவும். மதிப்பிடுபவருக்குத் தேவை எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்த வகை வாகனங்கள், என்னென்ன வேலைகள் என்பது. "கிளட்ச் பிளேட் மாற்றல், வால்வ் கிளியரன்ஸ் சரிசெய்தல், பிரேக் மாஸ்டர் சிலிண்டர் கழற்றிப் பூட்டல்" என்று வேலையின் பெயரால் எழுதச் சொல்லுங்கள். படங்களிலும் இதே பிழை. பளபளவென்று கழுவிய எஞ்சினின் படம் எதையும் நிரூபிக்காது. கழற்ற முன் ஒன்று, மைக்ரோமீற்றரோ கேஜோ வைத்து அளக்கும்போது ஒன்று, பூட்டிய பிறகு ஒன்று, மூன்றிலும் உங்கள் முகமோ கையோ தெரியவேண்டும். உதிரிப்பாகம் வாங்கிய பில்லையும் சேர்த்துவிட்டால் திகதியும் உறுதியாகும்.

செய்முறைச் சோதனை நாளில்தான் அதிகம் கைநழுவுகிறது. ஜாக்கில் தூக்கிய வாகனத்துக்கு ஸ்டாண்ட் வைக்காமல் கீழே படுப்பது, இறப்பர் செருப்போடு வருவது, பிரேக் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதுவது, பெற்றோலில் பாகம் கழுவுவது எல்லாம் தினமும் பழகியவை என்பதால் பிழை என்றே தோன்றாது. மதிப்பிடுபவருக்கு முதலில் தெரிவது அவைதான். பற்றறி கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். காரணத்தையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்: பிளஸ் நட்டைத் திருப்பும் ஸ்பனர் வாகனத்தின் இரும்பு உடலில் பட்டால், மைனஸ் பூட்டியிருந்தால் சோர்ட் ஆகும்.

சில்லு நட்டுக்கு இரும்புக் குழாய் போட்டு ஏறி மிதிப்பதும், எயர் கன்னால் கடைசிவரை இறுக்குவதும் இன்னொன்று. ஸ்டட் நீளும், டிஸ்க் கோணும், பிறகு பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஆடும். சிறிய கார்களுக்குச் சுமார் 100 நியூட்டன் மீற்றர் போதும், பல டொயோட்டாக்களுக்கு 103. எதிரெதிர் நட்டாக, இரண்டு சுற்றில், டோர்க் ரென்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பனரால்) இறுக்குங்கள். டிஸ்க் தேய்மானத்தையும் கண்ணால் தீர்மானிக்காதீர்கள். எத்தனை மில்லிமீற்றருக்குக் கீழே போகக்கூடாது என்பது பெரும்பாலான டிஸ்க்குகளிலேயே பொறித்திருக்கும்.

குறை கண்டுபிடித்தலில் புள்ளி போவது, அளக்க முன்னே பாகத்தை மாற்றச் சொல்வதால். எஞ்சின் இழுவை இல்லை என்றால் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று வாய் முந்தும். எஞ்சினைச் சூடாக்கி, பிளக் எல்லாவற்றையும் கழற்றி, எரிபொருளையும் தீப்பொறியையும் நிறுத்தி, த்ரொட்டிலை முழுதாகத் திறந்து கம்பிரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஓயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கஸ்கெட். ஸ்டார்ட் இழுக்காத வாகனத்திலும் அப்படியே. நிற்கும் பற்றறி 12.6 வோல்ட் காட்டுகிறதா, எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையே வருகிறதா என்று முதலில் பாருங்கள். கடற்காற்று அடிக்கும் கல்லடி, காத்தான்குடி, ஒலுவில் பக்கத்து வாகனங்களில் எர்த் வயர் பூத்துப்போவது சாதாரணம். மல்டிமீற்றரின் ஒரு முனையைப் பற்றறி மைனஸிலும் மற்றதை எஞ்சின் புளொக்கிலும் வைத்து ஸ்டார்ட் அடியுங்கள். அரை வோல்ட் காட்டினால் குறை எர்த் வயரில்தான், புதுப் பற்றறி விற்கத் தேவையில்லை.

ஹைபிரிட் தனி உலகம். கார் மெக்கானிக் சான்றிதழ் இருக்கிறதே என்று உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு வயரில் கை வைக்காதீர்கள். முதல் தலைமுறை டொயோட்டா அக்வாவின் பற்றறி 144 வோல்ட், பற்றறி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டருக்குள் அது 520 வரை ஏறும். 1000 வோல்ட்டுக்கான கையுறை போட்டு, பற்றறியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கை எடுத்து, 10 நிமிடம் காத்திருந்து, அளந்து பார்த்த பிறகே தொடவேண்டும்.

பெயர் சிறிய விஷயமாகத் தெரியும், ஆனால் வெளிநாடு போகிறவரை அதுதான் மாட்டும். அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் வேறு, முதலாளி கடிதத்தில் செல்லப்பெயர் என்று இருந்தால் கட்டாரில் வேலை கேட்கும்போது சான்றிதழ் உங்களுடையது என்று காட்ட அலைய வேண்டிவரும். கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்தை அப்படியே படிவத்தில் எழுதுங்கள். தமிழில் மதிப்பிட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், அன்றைக்கு வந்து சொன்னால் ஆள் மாற்ற முடியாது. "எழுதிக் கொடுத்தால் போதும், எடுத்துத் தாறன்" என்கிற இடைத்தரகரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

ஓர் அலகில் "இன்னும் தேர்ச்சி இல்லை" என்று வந்தால் சண்டை பிடிக்க வேண்டாம். எந்த அலகு, அதில் எந்தச் செயல் என்று கேட்டு எழுதி வாங்கி, அதை மட்டும் பழகி மறுபடி போங்கள். கராஜில் புதிதாகச் சேரும் பொடியனுக்கோ முதல் நாளே ஒரு சீ.ஆர். கொப்பி கொடுத்து, திகதி, வாகன வகை, சொன்ன குறை, அளந்த அளவு, மாற்றிய பாகம், பாஸின் கையொப்பம் என்று ஆறு நிரல் கோடு போட்டுவிடுங்கள்.