பிளாஸ்டிக் ஸ்லைடு வாங்கும் முன் சைலீனில் முக்கிப் பாருங்கள்

நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடி ஸ்லைடு உடைகிறது, கையைக் கிழிக்கிறது என்று பிளாஸ்டிக்குக்கு மாறுகிறவர்கள் பலரும் பளிச்சென்று இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். வெங்காயத் தோல் பார்க்க அது போதும். திசுவை மெழுகில் பதித்து மெல்லியதாக வெட்டிய பாரஃபின் செக்‌ஷனுக்குச் சாயம் ஏற்றுவதென்றால் மெழுகை எடுக்கவே சைலீன் என்ற கரைப்பான் வேண்டும், அங்கேதான் வம்பு. மலிவாகக் கிடைக்கும் பாலிஸ்டைரீன் சைலீனில் கரைந்துவிடும். முதலில் மேற்பரப்பு மங்கும், அப்புறம் பிசுபிசுக்கும், திசு அதோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போகும். சைலீனைத் தவிர்த்துவிட்டோம் என்று நினைத்துக் கடைசியில் டிபிஎக்ஸ் என்ற மூடும் பசையை ஊற்றி மூடுகிறவர்களும் உண்டு. டிபிஎக்ஸ் என்பதே சைலீனில் கரைத்த பாலிஸ்டைரீன்தான்! பாலிஸ்டைரீன் ஸ்லைடுதான் கையில் இருக்கிறதென்றால் திசுவை மெழுகில்லாமல் உறையவைத்து உறைநிலை செக்‌ஷன் வெட்டி, ஃபார்மலினில் நிலைப்படுத்தி, கிளிசரின் ஜெல்லியில் மூடுங்கள். அசிட்டோன் பக்கம் போகவே வேண்டாம்.

அக்ரிலிக்கும் தப்பாது. சைலீனும் அசிட்டோனும் அதைத் தின்னும், ஆல்கஹாலில் ஊறினால்கூட மெல்லிய விரிசல் விடலாம். விலை கூடிய சைக்ளிக் ஒலிஃபின் பிளாஸ்டிக் இன்னும் ஏமாற்றும்: தெளிவு அருமை, ஒளிரும் சாயம் போட்டுப் பார்க்கும் ஃப்ளூரசன்ஸில் பின்னணி ஒளி குறைவு, ஆல்கஹால், அசிட்டோன் இரண்டையும் தாங்கும், ஆனால் சைலீனில் கதை முடிந்தது.

சரி, பாலியெஸ்டர் ஃபிலிம்? சாயமேற்றும் நேரத்துக்குச் சைலீனைத் தாங்கும். ஆனால் இழுத்துச் செய்த ஃபிலிம் என்பதால் ஒளியை ஒரே தளத்தில் அதிரவைக்கும் போலரைசரில் அதுவே மின்னும். காங்கோ ரெட் சாயம் போட்டு, போலரைசரில் அமிலாய்டு என்ற புரதப் படிவின் ஆப்பிள் பச்சையைத் தேடுகிறவருக்கு அது உதவாது. அந்த வேலைக்குக் கண்ணாடிதான். மெல்லிய ஃபிலிம் வளைவதால் ஃபோகஸும் ஓரத்துக்கு ஓரம் மாறும், கீழே ஒரு கண்ணாடி ஸ்லைடைத் தாங்கலாகக் கொடுங்கள்.

இன்னொன்று, ஒட்டுதல். கண்ணாடியில் திசுவை ஒட்டவைக்கும் சிலேன் பூச்சு பிடிப்பது அதன் மேற்பரப்பில் உள்ள சிலனால் (சிலிக்கனோடு சேர்ந்த ஹைட்ராக்சில்) தொகுதிகளால். பிளாஸ்டிக்கில் அது இல்லை, அதே பூச்சை அப்படியே போட்டால் திசு மிதந்து போகும். பிளாஸ்மா (அயனியாக்கிய வாயு) சிகிச்சை செய்த பரப்பில் பாலிலைசின் என்ற ஒட்டுப்பொருளைப் பூசினால் நன்றாகப் பிடிக்கும்.

ஆன்டிபாடி ஒட்டும்படி திசுவின் புரதங்களைத் திரும்ப வெளிப்படுத்தும் ஆன்டிஜன் மீட்புக்காகச் சிட்ரேட் கரைசலில் 95 டிகிரிக்கு மேல் சூடாக்குவதும் வம்புதான். பாலிஸ்டைரீன் இளகுவதே ஏறக்குறைய 100 டிகிரியில், அந்தச் சூட்டில் நெளிந்துவிடும்.

பெட்டியாக ஆர்டர் போடும் முன் ஒரே ஒரு ஸ்லைடை வாங்கி, திசு இல்லாமலே சைலீனிலிருந்து மூடும் பசை வரை முழு வரிசையிலும் ஓட்டிவிடுங்கள். மேலே பெயர் எழுதிய மை அழிகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.