வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்தெந்தத் தடுப்பூசிகள்? முடிவெடுக்கும் முறை, படிப்படியாக

பயணம் உறுதியானதும் பலரும் முதலில் தேடுவது, போகும் நாட்டுக்கான தடுப்பூசிப் பட்டியலைத்தான். அந்தப் பட்டியல் பாதி விடை மட்டுமே. ஒரே நாட்டுக்கு ஒரே விமானத்தில் செல்லும் இருவரில், தலைநகரில் மூன்று நாள் கூட்டத்துக்குப் போகிறவருக்கும் கிராமங்களில் மூன்று மாதம் தங்கிப் பணியாற்றப் போகிறவருக்கும் தேவைப்படும் ஊசிகள் வேறு வேறு. எந்த ஊசி என்பதை மருத்துவர்தான் இறுதியாகச் சொல்ல வேண்டும். ஆனால் கீழ்க்காணும் விவரங்களோடு அவரிடம் சென்றால்தான் அவரால் உங்களுக்கு ஏற்ற முடிவைச் சொல்ல முடியும்.

படி 1: நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

புறப்படுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே பயண மருத்துவ ஆலோசனை பெறுவது நல்லது. சில தடுப்பூசிகளை இடைவெளி விட்டு இரண்டு, மூன்று தவணைகளாகப் போட வேண்டியிருப்பதும், போட்ட பிறகு உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆவதும் இதற்குக் காரணம். நாள் குறைவாக இருக்கிறதே என்று ஆலோசனையையே கைவிட்டுவிட வேண்டாம். அசுத்தமான உணவு, நீர் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ நோய்க்கான தடுப்பூசியின் முதல் தவணையைக் கடைசி வாரத்தில் போட்டுக்கொண்டால்கூடப் பயன் உண்டு.

படி 2: கட்டாயம் எது என்று பாருங்கள்

சர்வதேச சுகாதார விதிமுறைகளில், நாட்டுக்குள் நுழையச் சான்றிதழ் கேட்கலாம் என்று பெயர் குறிப்பிடப்பட்டிருக்கும் ஒரே நோய் மஞ்சள் காய்ச்சல். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கொசுக்களால் பரவும் இந்நோய்க்கு ஒரே ஒரு தவணை போதும். ஊசி போட்டு 10 நாட்கள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 ஜூலை 11 முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லும்.

தொடக்கநிலைப் பயணிகள் அதிகம் குழம்பும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஆசியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனாலும் பல ஆசிய நாடுகள் இந்தச் சான்றிதழைக் கேட்கின்றன. நோயைப் பரப்பக்கூடிய கொசு அங்கே ஏற்கெனவே இருப்பதால், நோயுள்ள நாட்டிலிருந்து வரும் ஒருவர் வழியாகக் கிருமி நுழைந்துவிடக் கூடாது என்பதே அவர்களின் கவலை. மறுபுறம், நோய் உள்ள எல்லா நாடுகளும் எல்லோரிடமும் சான்றிதழ் கேட்பதில்லை. ஆகவே, கேட்கவில்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சட்டம் அந்த நாட்டைக் காப்பதற்கு, பரிந்துரை உங்களைக் காப்பதற்கு. போகும் நாட்டை மட்டுமன்றி, வழியில் விமானம் மாறும் நாடுகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நோயுள்ள நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலே சான்றிதழ் கேட்கும் நாடுகள் உண்டு.

இந்த ஊசியை அரசு அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே போட்டுக்கொள்ள வேண்டும். சான்றிதழைக் கையில் வாங்கியதும் அங்கேயே சரிபாருங்கள்: பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, ஊசி போட்ட தேதி, தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், மருத்துவரின் கையொப்பம், மையத்தின் முத்திரை ஆகிய அனைத்தும் உள்ளனவா, உங்கள் கையொப்பத்தை இட்டுவிட்டீர்களா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் குடிவரவு அதிகாரி சான்றிதழை ஏற்க மறுக்கலாம்.

ஹஜ், உம்ரா பயணிகளுக்குச் சவூதி அரேபியா மூளையுறைக் காய்ச்சல் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியுள்ளது. அதை அங்கே சென்றடைவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும். போலியோ பரவும் நாடுகளில் நான்கு வாரங்களுக்கு மேல் தங்குகிறவர்களிடம், வெளியேறும்போது போலியோத் தடுப்பூசிச் சான்று கேட்கப்படலாம்.

படி 3: ஏற்கெனவே போட்டவற்றைத் தேடி எடுங்கள்

சிறுவயதுத் தடுப்பூசி அட்டையைக் கண்டுபிடியுங்கள். தட்டம்மைக்கு இரண்டு தவணை போட்டிருக்கிறீர்களா, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டுகள் ஆகிவிட்டனவா என்று பாருங்கள். தட்டம்மைக் கிருமி, நோயாளி அறையை விட்டுச் சென்ற பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் இருக்கக்கூடியது. ஆகவே எந்த நாட்டுக்குப் போனாலும் இது முக்கியம். அட்டை கிடைக்காவிட்டால் மீண்டும் போட்டுக்கொள்வதில் பெரும்பாலும் தீங்கில்லை.

படி 4: அங்கே எப்படி வாழப்போகிறீர்கள்?

குடிநீரும் கழிவுநீர் வசதியும் சரியில்லாத பகுதி என்றால் ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு ஆகிய இரண்டையும் மருத்துவர் பெரும்பாலும் பரிந்துரைப்பார். டைபாய்டு ஊசி முழுப் பாதுகாப்பு தருவதில்லை. ஊசி போட்ட பின்னும் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

வெறிநாய்க்கடிக்கான முன்கூட்டிய தடுப்பூசியைப் பலர் தேவையற்றது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். என் கருத்தில், மருத்துவமனை எளிதில் கிடைக்காத இடங்களுக்குப் போகிறவர்களும் குழந்தைகளோடு நீண்ட நாள் தங்குகிறவர்களும் இதை முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். இதை ஏழு நாள் இடைவெளியில் இரண்டு தவணைகளாகப் போடுவார்கள். இதன் பின்னும் விலங்கு கடித்தால் காயத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மறுபடியும் ஊசி போட்டாக வேண்டும். ஆனால் முன்பே போட்டிருப்பவருக்கு இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் பொருள்) தேவைப்படாது. பல நாடுகளில் அவசரத்துக்குக் கிடைக்காத மருந்து அதுதான்.

ஆசியக் கிராமப்புறங்களில், நெல்வயல்களும் பன்றி வளர்ப்பும் உள்ள இடங்களில் ஒரு மாதமோ அதற்கு மேலோ தங்குவோர் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை நீளும் ஆப்பிரிக்கப் பகுதிக்கு டிசம்பர் முதல் ஜூன் வரையிலான வறண்ட மாதங்களில் செல்வோருக்கு மூளையுறைக் காய்ச்சல் ஊசி தேவைப்படும். மலேரியாவுக்குப் பயணிகள் நம்பியிருக்க வேண்டியது மாத்திரைகளையும் கொசுவலையையும்தான்.

படி 5: உடல்நிலையை மறைக்காமல் சொல்லுங்கள்

மஞ்சள் காய்ச்சல், தட்டம்மைத் தடுப்பூசிகளில் வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி இருக்கிறது. கர்ப்பம், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் சிகிச்சை, கடுமையான முட்டை ஒவ்வாமை, தைமஸ் சுரப்பிக் கோளாறு, 60 வயதுக்கு மேற்பட்ட வயது ஆகியவற்றில் எது இருந்தாலும் ஊசிக்கு முன்பே தெரிவித்துவிட வேண்டும். மருத்துவ காரணத்தால் போட முடியாதவருக்கு விலக்குக் கடிதம் தருவார்கள். அது ஏற்கப்படுமா என்பதைத் தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

படி 6: தேதிகளை எழுதுங்கள்

ஜூலை 31 அன்று சென்றடைவதாக வைத்துக்கொள்வோம். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குக் கடைசி நாள் ஜூலை 21. டைபாய்டு ஊசிக்கு ஜூலை 17. ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் இரண்டாம் தவணை பயணத்துக்கு ஒரு வாரம் முன்பாகவே, அதாவது ஜூலை 24க்குள் முடிய வேண்டும். இரு தவணைகளுக்கும் இடையே வழக்கமாக 28 நாட்கள் விடுவதால் முதல் ஊசி ஜூன் 26க்குள் போட்டாக வேண்டும். திரும்பிய பிறகு போட வேண்டியதையும் இதே தாளில் குறியுங்கள்: ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசியின் இரண்டாம் தவணை, முதல் ஊசி போட்டு ஆறு மாதம் கழித்து.