நான்கடி மரைன் தொட்டி இரண்டடியாகும்போது செய்யும் தவறுகள்

வீடு மாறுகிறோம், சில்லருக்கு (தண்ணீரைக் குளிர வைக்கும் கருவி) கரண்ட் பில் கட்டி மாளவில்லை, பிள்ளைகள் படிக்க வெளியூர் போய்விட்டார்கள். பெரிய மரைன் தொட்டியை, அதாவது உப்புத் தண்ணீரில் கடல் மீன் வளர்க்கும் தொட்டியை, சின்னதாக்கக் காரணங்கள் நிறைய. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் நம்பிக்கை ஒன்று உண்டு: தொட்டி சின்னது என்றால் வேலையும் குறைவு. இதை நம்பி இறங்குவதே முதல் தவறு.

120×45×50 செ.மீ. தொட்டியில் பாறையும் மணலும் போகச் சுமார் 230 லிட்டர் தண்ணீர் நிற்கும். 60×35×35 தொட்டியில் 60 லிட்டர். ஏறக்குறைய கால் பங்கு.

சின்னத் தொட்டியில் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறிவிடும் என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள். கணக்குப் போட்டால் அது அவ்வளவு மோசம் இல்லை. நீர்மட்டம் நாளுக்கு 5 மி.மீ. இறங்குவதாக வைத்துக்கொள்வோம். மூன்று நாள் டாப்-அப் (ஆவியான அளவுக்கு நன்னீர் ஊற்றுவது) மறந்தால் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்பு பெரிய தொட்டியில் 36-ஐத் தாண்டியிருக்கும், சின்னதில் 37-ஐ நெருங்கியிருக்கும். தொட்டி சுருங்கும்போது நீர்ப்பரப்பும் சேர்ந்தே சுருங்குவதால் வித்தியாசம் இவ்வளவுதான். ஆபத்து, சுருங்காமல் கூடவே வருபவற்றில் இருக்கிறது. அதே மீன்கள், அதே தீனி, அதே ஹீட்டர், அதே டாப்-அப் வாளி. அதே மீன்கள் அதே அளவு தின்று வெளிவிடும் அம்மோனியா, கால் பங்கு தண்ணீரில் நான்கு மடங்கு அடர்த்தியாகும். கடல்நீரின் பிஹெச் (காரத்தன்மையைக் காட்டும் அளவு) 8.2 அளவில் இருப்பதால், நன்னீர்த் தொட்டியைவிட இங்கே அம்மோனியாவின் நச்சு வடிவம் பல மடங்கு அதிகம்.

அதனால் புதுத் தொட்டியை வாங்குவதற்கு முன்பே மீன்களைக் குறைக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். தொட்டியை வாங்கி, எல்லா மீனையும் அதில் விட்டுவிட்டு, “ரெண்டு வாரத்தில் யாருக்காவது கொடுத்துடலாம்” என்கிறார்கள். அந்த இரண்டு வாரத்தில்தான் சாவு விழும்.

யார் தங்கலாம்? ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு சின்னக் கோபி மீன், ஒரு கிளீனர் இறால். 60 லிட்டருக்கு இது போதும். பவுடர் ப்ளூ டேங், எம்பரர் ஏஞ்சல், லயன்ஃபிஷ் எல்லாம் போகத்தான் வேண்டும். “இப்போ சின்னதாகத்தானே இருக்கு” என்பது சமாதானம் ஆகாது. எம்பரர் ஏஞ்சல் 40 செ.மீ. வரை வளரும் மீன். டாம்செல்களையும் கொடுத்துவிடுங்கள். நான்கடியில் ஆளுக்கொரு மூலை பிடித்து அடங்கியிருந்தவை, இரண்டடியில் மற்ற மீன்களைத் துரத்திக் கடித்தே கொல்லும். மூன்று க்ளவுன் இருந்தால் ஜோடி சேர்ந்த இரண்டும் மூன்றாவதை விட்டுவைக்காது. மாண்டரின் மீனின் கதை வேறு. அதன் உணவு பாறைகளில் பெருகும் கோப்பிபாடுகள் என்ற மிகச் சிறு உயிரினங்கள். பாறை பாதியானால் சாப்பாடும் பாதி. மாதக்கணக்கில் மெலிந்துகொண்டே போகும், பார்ப்பவருக்குச் சட்டென்று தெரியாது.

பாறைகள் நிறைந்த தொட்டியில் மீன் பிடிப்பது லேசில்லை. வலையோடு துரத்தினால் மீனும் களைக்கும், நீங்களும் களைப்பீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே தீனி போட்டு வைத்தால் பல மீன்கள் தாமாகவே மாட்டும். பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாராவது கிடைத்தால் அவருக்கே கொடுங்கள். இல்லையென்றால் வாங்கிய கடையிலோ சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளிலோ கேட்டுப் பாருங்கள். விலை எதிர்பார்க்க வேண்டாம், நல்ல இடம் கிடைத்தாலே லாபம்.

கடலில் கொண்டுபோய் விடுவது மட்டும் கூடவே கூடாது. நம் கடல் மீனாகவே இருந்தாலும் தொட்டி நோய்களைச் சுமந்துபோகும். வெளிநாட்டு மீன் என்றால் அதைவிட மோசம். இந்தோ-பசிபிக் கடல்களைச் சேர்ந்த லயன்ஃபிஷ் 1985-ல் ஃபுளோரிடா கரையோரம் தென்பட்டது. வளர்த்தவர்கள் விட்டதால் வந்திருக்கலாம் என்பதே பரவலான கருத்து. இன்று அது கரீபியன் முழுக்கப் பரவி அங்கத்திய மீன்குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது.

அடுத்த பெரிய தவறு மணலில். பழைய மணலில் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா இருக்கிறது, அதை ஏன் வீணாக்குவது என்று அப்படியே அள்ளிப் போடுகிறார்கள். வருடக்கணக்கில் அடியில் தேங்கிய கழிவும் சேர்ந்தே வரும். கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. 60 லிட்டரில் அதைக் கரைத்துவிட்டு மீன் பிழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. புது அராகோனைட் (சுண்ணாம்பு வகை) மணலை இரண்டு மூன்று செ.மீ. பரப்பி, பழைய மணலின் மேற்பரப்பிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, பழைய உப்புத் தண்ணீரில் அலசிச் சேர்த்தால் போதும்.

பாக்டீரியா அதிகம் குடியிருப்பது பாறையில்தான். பழைய தண்ணீரைக் கொண்டுபோனால் சைக்கிளும் (பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும் சுழற்சி) கூட வந்துவிடும் என்ற எண்ணம் தப்பு. பாறையைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். பழைய தொட்டித் தண்ணீரில் ஆட்டிக் கழிவை உதிர்த்துவிட்டு, ஒரு சின்ன பம்ப் ஓடும் வாளியில் மூழ்கவே வைத்திருங்கள். வெளியே காய்ந்தால் அதில் உள்ள ஸ்பாஞ்சுகள் செத்து, புதுத் தொட்டியில் அம்மோனியா ஏறும். எல்லாப் பாறையையும் திணிக்கவும் வேண்டாம். இருக்கிற கொஞ்சத் தண்ணீரின் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

தண்ணீரில் பாதி பழையது, பாதி புதியது என்று வைத்துக்கொள்ளலாம். பழையதை மணலைக் கிளறும் முன்பே மேலாக எடுத்துவிடுங்கள். புதியதை முந்தின நாளே உப்புக் கலந்து பம்ப் ஓட விடுங்கள். வீட்டுக் குடிநீர் ஆர்ஓ-வை அப்படியே நம்ப வேண்டாம். பலவற்றில் சுவைக்காக டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) கூட்டி வைத்திருப்பார்கள். மீட்டர் வைத்துப் பாருங்கள், பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

சாமான்களுக்கு வருவோம். சென்னையில் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானல் ஆட்கள் கவனிக்க வேண்டும். 300 வாட் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் அணையாமல் சிக்கிக்கொண்டால் 60 லிட்டர் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் சுமார் 4 டிகிரி ஏறும். பழைய தொட்டியில் ஒரு டிகிரிதான் ஏறியிருக்கும். ஆட்டோ டாப்-அப்பும் அப்படித்தான். சென்சார் பழுதாகி 20 லிட்டர் வாளி முழுவதும் காலியானால் உப்பு 35-லிருந்து 26 பக்கம் இறங்கும். மீன் ஒருவேளை தாங்கும், இறால் தாங்காது. வாளியை 3 லிட்டராகக் குறைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. பழைய வேவ் மேக்கரை (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) விற்றுவிடுங்கள், அதன் வேகத்தில் மணலெல்லாம் ஒரு மூலையில் குவிந்துவிடும்.

பழைய சம்பை (தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டி) மட்டும் விற்காதீர்கள். ஸ்டாண்டில் இடம் இருந்தால், புதுத் தொட்டியில் ஓவர்ஃப்ளோ (தண்ணீர் கீழே வழியும் வழி) வைக்க முடிந்தால், அதையே கீழே வைத்து ஓட்டலாம். 50 லிட்டர் சம்ப் சேர்ந்தாலே மொத்தத் தண்ணீர் 110 லிட்டர் ஆகிவிடும். மிச்சப் பாறைக்கும் அங்கே இடம் கிடைக்கும். கரண்ட் போனால் மேலிருந்து வடியும் தண்ணீரைச் சம்ப் தாங்குகிறதா என்று, மீன் விடும் முன்பே பம்பை ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் தீனி பாதிதான், அம்மோனியா டெஸ்ட் தினமும்.