பிறந்தநாளுக்கு சூப்பர் கார், குடும்பத்துக்குக் கோவைப் பயணம்: முதல்முறை திட்டம் போடுகிறவர்களுக்கு

வீட்டுக்காரருக்கு 40 வயது ஆகப்போகிறது. வாட்ச், சட்டை, செல்போன் எல்லாம் கொடுத்தாயிற்று. இந்தத் தடவை ரேஸ் ட்ராக்கில் ஒரு லம்போர்கினியோ போர்ஷேவோ ஓட்ட வைத்துவிடலாம் என்று தோன்றுகிறதா? தாராளமாகச் செய்யலாம். முதலில் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள்.

கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு சுற்று சுமார் 2.1 கிலோமீட்டர். புதிதாக ஓட்டுகிறவர் சராசரியாக 80 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் கொஞ்சம் கூட ஆகும். நாலு சுற்று என்றால் ஆறு நிமிடத்துச் சொச்சம். இந்த ஆறு நிமிடத்துக்காகத்தான் ஈரோட்டிலிருந்தோ கரூரிலிருந்தோ பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு நூறு கிலோமீட்டர் வரப்போகிறோம். அதனால் திட்டத்தில் முக்கால்வாசி வண்டி ஓட்டாதவர்களுக்காக இருக்க வேண்டும்.

படி 1: எதற்குக் காசு கட்டுகிறோம் என்று தெளிவாகக் கேளுங்கள்

‘சூப்பர் கார் அனுபவம்’ என்ற பெயரில் மூன்று வேறு வேறு விஷயங்கள் விற்பனைக்கு வருகின்றன. ஒன்று, பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார நாமே ஓட்டுவது. இரண்டு, அவர் ஓட்ட நாம் பக்கத்து சீட்டில் உட்காருவது. மூன்று, ஒற்றை சீட் ஃபார்முலா கார். நம் ஊரில் மூன்றாவதற்குத்தான் வேர் ஆழம். அந்த ட்ராக்குக்குப் பெயர் தந்த எஸ். கரிவர்தன், கோவையில் இருந்துகொண்டே ரேஸ் கார்களை வடிவமைத்தவர். 1995இல் விமான விபத்தில் இறந்தார். ட்ராக் 2003இல் திறந்தது. என்னைக் கேட்டால், ஃபார்முலா கார் கிடைத்தால் அதையே எடுங்கள். தரையை ஒட்டி உட்கார்ந்து போகும்போது 100 கி.மீ. வேகமே 200 மாதிரித் தெரியும். ஆனால் பிறந்தநாள்காரர் சுவரில் லம்போர்கினி படம் ஒட்டி வளர்ந்தவர் என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள்.

சூப்பர் கார் நாள் என்பது, ஏற்பாட்டாளர் ட்ராக்கை வாடகைக்கு எடுத்துக் குறிப்பிட்ட தேதியில் நடத்துவது. தினமும் திறந்திருக்கும் கடை இல்லை. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: எத்தனை சுற்று, அதில் வார்ம்-அப் சுற்றும் சேர்த்தியா? மழை வந்தால் பணம் திரும்புமா, வேறு தேதி தருவார்களா? சொன்ன கார் அன்றைக்கு வராவிட்டால் பதிலுக்கு எந்தக் கார்? உயரம், எடைக்கு வரம்பு உண்டா?

இதைவிட முக்கியமானது, காருக்கு அடிபட்டால் நம் பொறுப்பு எவ்வளவு என்பது. சாதாரண வாகன இன்சூரன்ஸ் பாலிசியில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பாதுகாப்பு கிடையாது. ஏற்பாட்டாளர் தனியாக என்ன வைத்திருக்கிறார், நம்மிடம் எவ்வளவு டெபாசிட் பிடிப்பார், அதிகபட்சம் எவ்வளவு வரை நம் தலையில் விழும், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். “அதெல்லாம் பாத்துக்கலாங்க” என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்ட வேண்டாம்.

படி 2: தேதி ட்ராக்குடையது, பிறந்தநாள் நம்முடையது

பிறந்தநாள் அன்றே ஓட்ட வேண்டும் என்று அடம்பிடித்தால் காரியம் நடக்காது. சாம்பியன்ஷிப் பந்தயம் நடக்கும் வார இறுதிகளில் ட்ராக் வேறு எதற்கும் கிடைக்காது. ஸ்லாட் கிடைத்த தேதிக்குக் கொண்டாட்டத்தை நகர்த்துங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல பருவம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தவிர்த்துவிடுங்கள். சித்திரையில் காலையில் வெயில் கொளுத்தும், சாயங்காலம் இடிமழை கொட்டும். எந்த மாதமானாலும் காலை ஸ்லாட்தான் கேளுங்கள்.

இது சர்ப்ரைஸ் பரிசு என்றால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஓட்டுகிறவரிடம் நடப்பில் உள்ள லைசென்ஸ் வேண்டும். 18 வயதில் எடுத்த பழைய லைசென்ஸ் 20 ஆண்டுக்குத்தான். அதாவது 38இல் முடிந்திருக்கும். நாற்பதாவது பிறந்தநாள் கொண்டாடுகிற பலரும் பர்ஸில் இருக்கும் அட்டையைத் திருப்பிப் பார்த்தே இருக்க மாட்டார்கள். டிஜிலாக்கரில் தேதியைப் பாருங்கள். 40 வயதைத் தாண்டிவிட்டால் புதுப்பிக்க 1-ஏ படிவத்தில் டாக்டர் சான்றும் வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அவர் நேரில் போக வேண்டி வந்தால் சர்ப்ரைஸ் அங்கேயே உடைந்துவிடும், பரவாயில்லை.

படி 3: ஒரு வாரம் இடது காலைப் பழக்குங்கள்

பெரும்பாலான புதியவர்கள் இதை யோசிப்பதே இல்லை. ஆயுசு முழுக்க கியர் வண்டி ஓட்டியவரின் இடது கால், கிளட்ச்சைத் தேடியே பழகியது. இந்த சூப்பர் கார்களில் இரண்டு பெடல்தான். பிரேக் பெடல் அகலமாக இருக்கும். வேகத்தைக் குறைக்கும் நேரத்தில் இடது கால் தன்பாட்டுக்கு எழுந்து கிளட்ச் என்று நினைத்து அதை ஓங்கி மிதிக்கும். கார் சடாரென்று நிற்கப் பார்க்கும், பக்கத்தில் இருப்பவர் பெல்ட்டில் தொங்குவார். சொந்தக்காரர் யாரிடமாவது ஆட்டோமேட்டிக் கார் இருந்தால் இரவல் வாங்கி, இடது காலை ஓரத்தில் இருக்கும் கால்தாங்கியில் வைத்தபடி ஓட்டிப் பழகச் சொல்லுங்கள். வேறு எந்தப் பயிற்சியும் இந்த அளவுக்கு உதவாது.

கியர் மாற்ற ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்புகள் இருக்கும். வலதை இழுத்தால் கியர் ஏறும், இடதை இழுத்தால் இறங்கும். முதல் இரண்டு சுற்று ஆட்டோமேட்டிக் கியரிலேயே போகட்டும். ட்ராக் ஓரத்தில் கூம்புகள் வைத்திருப்பார்கள்: இங்கே பிரேக், இங்கே திருப்பு, வளைவின் இந்த உள்முனையைத் தொடு என்று. பிரேக்கை ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். கண் அடுத்த கூம்பில் இருக்க வேண்டும், பார்வை போகிற பக்கம்தான் வண்டியும் போகும்.

உடைக்கு, மெல்லிய அடிப்பாகம் உள்ள மூடிய ஷூ, பருத்திச் சட்டை. வேஷ்டி, செருப்பு அங்கே எடுபடாது.

படி 4: வழியும் நேரமும்

பத்து மணி ஸ்லாட் என்றால் ஒன்பதுக்கே வரச் சொல்வார்கள். கையெழுத்து, ஹெல்மெட், ட்ராக்கில் காட்டும் கொடிகளின் விளக்கம் எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஓடிவிடும். ஈரோட்டிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்பினால் போதும். பெருந்துறை, விஜயமங்கலம் சுங்கச்சாவடி, அவிநாசி, நீலாம்பூர் என்று வந்து, நீலாம்பூரில் பைபாஸ் பிடித்து செட்டிபாளையம் சந்திப்பில் இறங்குங்கள். அந்த பைபாஸில் அவசரப்பட்டு யாரையும் முந்த வேண்டாம். கரூர், காங்கேயம் பக்கத்தார் பல்லடம் வழியாக வரலாம், கோவை நகருக்குள் நுழையவே தேவையில்லை. ஃபாஸ்டேக் இருப்பு, டயர் காற்று இரண்டையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

காலைச் சாப்பாடு இரண்டு மூன்று இட்லியோடு நிற்கட்டும். தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை எவ்வளவு ஆசையாக இருந்தாலும் ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் அன்றைக்கு மட்டும் வேண்டாம்.

படி 5: ஓட்டாதவர்கள்

ட்ராக் என்பது பெரிய வெட்டவெளி. குடை, தண்ணீர், மடக்கு நாற்காலி, பெரியவர்களுக்கு மோர் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளுக்குக் காது மூடி கட்டாயம், பத்து சிலிண்டர் எஞ்சின் சத்தத்துக்கு அழாத குழந்தை அபூர்வம். பார்வையாளருக்கு எத்தனை பேருக்கு அனுமதி, கழிவறை எங்கே என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். போட்டோவுக்கு ஒருவரை நியமியுங்கள், மற்றவர்கள் வெறுமனே பார்க்கட்டும்.

எங்கள் அப்புச்சியை (அம்மாவின் அப்பாவை) இப்படிக் கூட்டிப்போனபோது இரண்டு சுற்று பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏஞ்சாமி, பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வர்றதுக்கா இத்தன காசு?” அவரிடம் பதில் சொல்லி ஜெயிக்க முடியாது. அதனால்தான் பெரியவர்களுக்கென்று தனியாக ஒரு நிறுத்தம் வேண்டும்.

கோவைக்குள் போகலாம் என்றால் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் ஜீடி கார் மியூசியம். பழைய கார்களைப் பார்த்ததும் வயதானவர்களுக்குப் பேச்சு தானாக வரும். வெளியூர்க்காற்று வேண்டுமென்றால் கிணத்துக்கடவு வழியாகப் பொள்ளாச்சி, அங்கிருந்து ஆழியாறு. ஜி.டி. நாயுடு 1920இல் தன் முதல் பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில்தான் ஓட்டினார் என்பதைக் காரில் போகும்போது குழந்தைகளிடம் சொல்லலாம். வால்பாறையை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். 40 கொண்டை ஊசி வளைவுகளையும் அன்று மாலை ஏறினால் பின்சீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

படி 6: திரும்பும்போது சாவி யாரிடம்

ட்ராக்கிலிருந்து வெளியே வந்ததும் பிறந்தநாள்காரரிடம் சொந்தக் கார் சாவியைக் கொடுக்காதீர்கள். கண்ணும் காலும் அந்த வேகத்துக்குப் பழகியிருக்கும், பைபாஸில் 90இல் போகும்போது 50 மாதிரித் தோன்றும். உடலும் உள்ளுக்குள் களைத்திருக்கும். குறைந்தது மத்தியானச் சாப்பாடு முடியும் வரை மச்சினரோ மனைவியோ ஓட்டட்டும்.

ட்ராக்கை விட்டுக் கிளம்பும் முன், அவர் ஓட்டிய சூப்பர் காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து, ஏற்பாட்டாளரிடம் ‘சேதமில்லை’ என்ற கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். டெபாசிட்டைக் கிரெடிட் கார்டில் பிடித்திருந்தால் விடுவிக்கச் சில நாள் ஆகலாம், அதுவரை ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். கேக்கை வெயிலில் ட்ராக்குக்குச் சுமந்துபோக வேண்டாம். பொள்ளாச்சியிலோ கோவையிலோ இருக்கும் பேக்கரியில் முதல் நாளே போனில் சொல்லி வைத்து, சாயங்காலம் போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம்.