கிரேக்கப் புராணத்தை எங்கிருந்து தொடங்குவது?

எடுத்த எடுப்பில் ஹோமரின் டிராய்ப் போர்க் காவியமான இலியட் வேண்டாம். அதன் இரண்டாம் காண்டத்தில் நீளமாக ஒரு கப்பல் பட்டியல் வரும், முதல் தடவை நான் புத்தகத்தை மூடி வைத்தது அங்கேதான்.

முதலில் ஒரு தாளில் வம்சாவளி வரைந்துகொள்ளுங்கள். மேலே பூமித்தாய் கையா, வானக்கடவுள் யுரேனஸ்; கீழே அவர்கள் பிள்ளைகளான டைட்டன்கள், அவர்களில் குரோனோஸும் ரியாவும். தன் பிள்ளையே தன்னைக் கவிழ்ப்பான் என்று பயந்த குரோனோஸ் பிறக்கிற குழந்தைகளை எல்லாம் விழுங்க, ரியா துணியில் சுற்றிய கல்லைக் கொடுத்து ஏமாற்றிக் பின்னால் தேவர்களின் அரசனாகும் கடைசிப் பிள்ளை சியுஸை மட்டும் காப்பாற்றுகிறாள். ஹீரா, பொசைடன், ஹேடிஸ் எல்லாம் பிறகு அந்த வயிற்றிலிருந்து மீண்டு வந்தவர்கள். இது பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியடின் தியோகனி என்ற கவிதையில் இருக்கிறது, சுமார் 1000 வரிதான்.

அப்புறம் ஒடிசி, டிராய்ப் போர் முடிந்து ஒடிசியஸ் வீடு திரும்பும் ஹோமரின் இன்னொரு காவியம். 24 காண்டங்களில் 9 முதல் 12 வரை மட்டும் முதலில் படியுங்கள்: ஒற்றைக்கண் அரக்கன், ஆட்களைப் பன்றியாக்கும் மந்திரக்காரி சிர்சி, எல்லாம் ஒடிசியஸே தன் வாயால் சொல்கிற கதை. சொல்பவன் பெரிய புளுகன் என்பதையும் மறக்காதீர்கள்.

கதைகள் முரண்படும். காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி கடல் நுரையில் பிறந்தாள் என்பார் ஹெசியட், ஹோமரிலோ அவள் சியுஸின் மகள். எது சரி என்று மல்லுக்கு நிற்காமல் யார் சொன்னது என்று ஓரத்தில் குறித்தால் போதும்.

இனி இலியட்டுக்குப் போகலாம். டிராயை வீழ்த்திய மரக்குதிரையைத் தேடாதீர்கள், அதில் வராது. டிராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடும்.